வெள்ளிக்கிழமைச் சட்டையின் வெள்ளை

எங்கள் தெரு மேட்சிங் சென்டரில் யாரும் கடைக்குள் நின்று துணியை முடிவு செய்வதில்லை. கையில் புடவையோடு பெண்கள் படியேறி வருவார்கள். கடைக்காரர் அலமாரியிலிருந்து நாலைந்து பிளவுஸ் துணிகளை இழுத்து மேசைமேல் போடுவார். முந்தானையை அவற்றின்மேல் விரித்து ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்ப்பார். உடனே, "வாங்கம்மா, வெளிய வச்சுப் பாத்துருவோம்" என்று எழுந்துவிடுவார். எல்லோரும் துணியைப் பிடித்தபடி நடுரோட்டுக்கு வந்து நிற்பார்கள். ஸ்கூட்டர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகும். ஆடி மாதத்தில் வீராம்பட்டினத் திருவிழாவுக்கு வாங்க வருகிற கூட்டத்தில், சில நேரம் இரண்டு மூன்று புடவைகள் ஒரே சமயத்தில் ரோட்டில் விரிந்திருக்கும். யாரும் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை.

நான் அந்தக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பல வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவள். முதலில் செய்தி எழுதினேன். போட்டோகிராபர் வராத நாட்களில் கேமராவையும் என் தோளில் மாட்டிவிட்டார்கள், அது அப்படியே தங்கிவிட்டது. இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறேன். எழுத்து நகராதபோது பால்கனியில் நின்று கீழே துணி பார்ப்பவர்களைப் பார்ப்பது வழக்கம்.

கடையை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும், கடைக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. அவரைத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் மனைவி எனக்கு அக்கா. பாய் பேசுவதில் பாதி துணியைப் பற்றி, மீதி அக்காவைப் பற்றி. அக்கா பேசுவதில் பெரும்பகுதி, பாய் செய்த தவறான கொள்முதல்களைப் பற்றி.

சென்ற வருடம் அக்கா போனில் வியாபாரம் ஆரம்பித்தார். புதுச்சேரியில் பல வீடுகளுக்கு பிரான்ஸில் ஓர் உறவாவது இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு நம் ஊர்த் துணி வேண்டும். துணியைப் போட்டோ எடுத்து அனுப்பினால், பிடித்ததைச் சொல்வார்கள், ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது பெட்டியில் வைத்து எடுத்துப் போவார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அக்கா கடையின் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் படம் எடுத்தார். கத்திரிப்பூ நிறம் என்று ஒருவர் வாங்கியது, அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தபோது நாவல்பழ நிறமாக இருந்தது. காலாப்பட்டில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர்கூட, "அக்கா, நீங்க காட்டுனது வேற, குடுத்தது வேற" என்று பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். துணி மாறவில்லை. படம்தான் மாற்றிச் சொல்லியிருந்தது.

பாய்க்கு இது எதிர்பார்த்ததுதான்.

"ரோட்டுல வச்சுப் பாக்காத துணி துணியே இல்ல. போன்ல பாத்து புருஷனை வேணா எடுக்கலாம், பிளவுஸ் பிட்டு எடுக்க முடியாது."

"உங்களை நேர்லதான் பாத்து எடுத்தாங்க எங்க வீட்ல. என்னா லட்சணமா அமைஞ்சுது?" என்றார் அக்கா.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் தங்கை மகளுக்கு பிரான்ஸில் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண்ணுக்கு ஓர் ஆசை. குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் துப்பட்டா போட்டுக்கொள்ள வேண்டும். துணி பெரியம்மா கடையிலிருந்துதான் வர வேண்டும். நிறத்தைப் படம் பார்த்து அவளே தேர்ந்தெடுப்பாள். அக்கா ஓரம் தைத்துக் கொடுப்பார். உறவினர் ஒருவர் விமானம் ஏறுகிறார், அவரிடம் கொடுத்துவிட வேண்டும். தப்பாகப் போனால் திருப்பி அனுப்பி மாற்றுவதற்கு நேரம் இருக்காது. கல்யாண மண்டபத்தில் அக்காவின் உறவுப் பெண்கள் அத்தனை பேர் தலையிலும் அந்தத் தப்பு உட்கார்ந்திருக்கும்.

"இதுவும் மாறிப் போச்சுன்னு வை, அப்புறம் போன் வியாபாரத்தை மூட்டை கட்டிடணும். சம்மதமா?" என்றார் பாய்.

"சம்மதம்" என்று சொல்லிவிட்டு, அக்கா நேராக மாடியேறி என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"பத்திரிகைக்காரி, உன் கேமரா பொய் சொல்லுமா?"

"எல்லாக் கேமராவும் சொல்லும் அக்கா. சொல்லாம இருக்க ஒரு மூடி வச்சிருக்கேன்" என்றேன்.

மூடி என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. அது பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளங்கை அகலத்தில், பால் வெள்ளையில், வெளிச்சம் ஊடுருவுகிற ஒரு பிளாஸ்டிக் வட்டம். லென்ஸின் முன்னால் மாட்டுவது. அதை மாட்டிக்கொண்டு, துணி இருக்கிற இடத்தில் நின்று, வெளிச்சம் வருகிற பக்கம் கேமராவைத் திருப்பி ஒரு படம் எடுக்க வேண்டும். எதுவுமே இல்லாத, மங்கிய வெற்றுப் படம் வரும். 'இந்த இடத்தில் வெள்ளை என்றால் இதுதான்' என்று கேமராவிடம் சொல்லிவிட்டால், மூடியைக் கழற்றிய பிறகு எடுக்கிற படங்களில் நிறங்கள் தத்தம் இடத்தில் வந்து உட்காரும்.

நம் கண்ணுக்கு இந்த வேலையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ட்யூப்லைட்டிலும், குண்டு பல்பிலும், மழை மேகத்தின் கீழேயும், வெள்ளைத் தாள் நமக்கு வெள்ளைத் தாள்தான். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்திரிகை நாட்களில் பந்தல்கள் எனக்கு இதைக் கற்பித்தன. பச்சைத் துணிப் பந்தலின் கீழே பேசிய அமைச்சர் படத்தில் பச்சையாக இருப்பார். சிவப்புப் பந்தலின் கீழே கோவிலில் பொங்கல் வாங்கிய கூட்டம் முழுதும் கோபத்தில் இருப்பதுபோல் தெரியும்.

அக்கா மூடியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சம்படத்து மூடி மாதிரி இருக்கு" என்றார். அந்த வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சில மாதங்களுக்கு முன் அது விருந்தினர் விடுதியாக மாறி, தெருப்பக்கச் சுவர் முழுக்கக் கனத்த மஞ்சள் அடித்துக்கொண்டது. மாலை வெயில் அதன்மேல் விழுந்தால், ரோட்டில் பிடிக்கிற துணிமேலும் மஞ்சள் ஏறும். சாயங்காலம் வாங்கிப்போனவர்கள் மட்டும் துணியை மாற்ற வருவது ஏன் என்று பாய் குழம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் காலையில்தான் படம் எடுப்பது என்று முடிவாயிற்று. காலையில் அந்தச் சுவர் நிழலில் இருக்கும்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மணப்பெண் வேலைக்குக் கிளம்புவதற்குள், அதாவது நம் ஊரில் உச்சி வேளைக்குள், படங்கள் போய்ச் சேர வேண்டும். வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, அக்கா பத்துப் பன்னிரண்டு ரோல்களைக் கொண்டுவந்து அடுக்கினார். நான் கேமராவோடு இறங்கி வந்தேன். முந்தின நாள் மாலை அக்காவுக்குச் செய்துகாட்டக் கொண்டுவந்து, கடை மேசையிலேயே நான் விட்டுப்போன மூடியைக் காணவில்லை.

மேசையைத் தேடினோம். பொத்தான் பெட்டிகளைக் கவிழ்த்தோம். நூல்கண்டு டப்பாக்களைத் திறந்தோம். பாய் உள்ளே குளிக்கப் போயிருந்தார், தொழுகைக்குக் கிளம்பும் அவசரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வெள்ளையா ஏதாவது காட்டுனா போதாதா?" என்றார் அக்கா.

போதும். களத்தில் நாங்கள் செய்ததும் அதுதான். கூட்டத்தில் யார் வேட்டி வெள்ளையாக இருக்கிறதோ, அவர் பக்கம் கேமராவைத் திருப்பி அளவு எடுத்துக்கொள்வோம். அரசியல் கூட்டத்தில் வெள்ளை வேட்டிக்கு என்ன பஞ்சம்?

அக்கா உள்ளே போய், இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கிய பாயின் வெள்ளிக்கிழமைச் சட்டையை எடுத்து வந்தார். பார்த்தால் கண் கூசுகிற வெள்ளை. அந்தச் சட்டையைப் பெஞ்சின்மேல் பிடித்தார். நான் அதை வைத்துக் கேமராவுக்கு வெள்ளையைச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு ரோலையும் ஒரு முழம் விரித்துப் படம் எடுத்தோம். கேமராவின் சின்னத் திரையை வெயிலில் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. படங்களை அப்படியே அனுப்பிவிட்டோம்.

"என் சட்டை எங்கடி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கு, இருங்க!"

பாய் தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது. குரல் பதிவு. மணப்பெண்ணின் தமிழில் ஓர் அவசரம் இருக்கும், வார்த்தைகள் ஒன்றையொன்று முந்தும், நன்றி மட்டும் பிரெஞ்சில் வரும். "பெரியம்மா, ஆறாவது போட்டோ! அந்தக் கலர்தான். வேற எதுவும் வேணாம். அம்மாவுக்குக் காட்டிட்டேன், மாமியாருக்கும் அனுப்பிட்டேன், எல்லாருக்கும் புடிச்சிருக்கு. மெர்சி, பெரியம்மா, மெர்சி!"

ஆறாவது படம் வெங்காயக் கலர். சின்ன வெங்காயத்தின் தோலை உரித்ததும் உள்ளே தெரிகிற வெளிர் ரோஜா. அக்கா சிரித்துக்கொண்டே அந்த ரோலை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் மடிக்கணினியில் ஆறாவது படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

அக்கா ரோலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேசைமேல் இருந்தது ரோஜா. திரையில் இருந்தது நன்றாகச் சுட்ட செங்கல்லை நனைத்துக் காயவைத்தாற்போல ஒரு நிறம். மங்கலான, இதமான, அழகான நிறம். கடையில் எடுத்துப்போட்ட எந்த ரோலும் அந்த நிறத்தில் இல்லை.

"இது எந்தத் துணி?" என்றார் அக்கா.

"இதே துணிதான்" என்றேன்.

அந்த நேரத்தில் பாய் வந்தார். சட்டை பளபளத்தது. ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப்போன டீ கிளாஸை எடுத்து, மேலே கவிழ்த்திருந்ததை நகர்த்திவிட்டு, ஆறிப்போன டீயைக் குடிக்க ஆரம்பித்தார். நகர்த்தி வைத்தது என் மூடி.

"மச்சான், அது கேமரா மூடி!" என்று கத்தினார் அக்கா.

"எனக்கு எப்படித் தெரியும்? ஈ விழாம இருந்துச்சு. நல்ல மூடி."

மூடியைக் கழுவித் துடைத்து மாட்டி, வாசலுக்குப் போய், வெளிச்சத்தைப் பார்த்து ஒரு வெற்றுப் படம் எடுத்தேன். பிறகு வெங்காயக் கலரை எடுத்தேன். திரையில் அச்சு அசலாக வெங்காயக் கலர். அப்படியே திரும்பி, பாயையும் ஒரு படம் எடுத்தேன். முகம் சரியாக இருந்தது, தாடியில் நரை சரியாக இருந்தது, சட்டை மட்டும் விடியற்காலை வானம் மாதிரி வெளிர்நீலமாக இருந்தது.

"சட்டைக்கு என்ன போடுவீங்க அக்கா?"

"சொட்டு நீலம்தான். வெள்ளிக்கிழமைச் சட்டைக்கு ரெண்டு சொட்டு கூடப் போடுவேன். இல்லாட்டி பளிச்சுனு இருக்காதே."

நீலம் கலந்தால் வெள்ளைத் துணியின் பழுப்பு மறைந்து, கண்ணுக்கு அது வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரியும். கேமராவுக்கு அது நீலம். அதுதான் வெள்ளை என்று நாங்கள் அடித்துச் சொன்னதால், கேமரா எல்லாத் துணிகளிலிருந்தும் நீலத்தைக் கொஞ்சம் உருவி எடுத்துவிட்டது. நீலம் போன இடத்தில் மஞ்சள் ஏறியது. ரோஜா செங்கல்லானது அப்படித்தான். எனக்கு என் பழைய அலுவலகம் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. அரசியல் கூட்டப் படங்கள் ஏன் எப்போதும் மஞ்சள் பூத்தே வருகின்றன என்று பக்கம் தயாரிப்பவர்கள் அச்சகத்தோடு சண்டை போடுவார்கள். அச்சகம் மையைக் குறை சொல்லும். அந்த வேட்டிகளுக்கு எத்தனை சொட்டு நீலம் என்று யாரும் கேட்டதே இல்லை.

அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள இல்லாத கலரைப் புடிச்சுக்கிச்சே" என்றார்.

பாய் இதற்காகவே காத்திருந்தவர் போலப் பேசியிருக்கலாம். ஆனால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மடிக்கணினிக்கு அருகே குனிந்தார்.

"சொல்லிரலாம். படம் தப்பா வந்துடுச்சு, உண்மையான துணி இதுதான்னு சொல்லி, சரியான படத்தை அனுப்பலாம்" என்றேன்.

அக்கா அப்படியே செய்தார். ஒன்றையும் மறைக்கவில்லை, சட்டை நீலம் உட்பட. பதில் உடனே வந்தது. "ஐயோ பெரியம்மா, இந்தப் பிங்க் எனக்கு வேணாம். எனக்கு அந்த முதல் கலர்தான் வேணும். கிடைக்காதா?" குரலில் அழுகைக்கு அரைப்படி முன்னால் நிற்கிற ஒரு தடுமாற்றம்.

பாய் நிமிர்ந்தார். "என்னா கேக்குறா? இந்தக் கலருக்கு மேட்சிங் கேக்குறா. அவ்ளோதானே? இது மேட்சிங் சென்டர்தானே?"

"புடவைக்குத்தான் மேட்சிங் எடுப்பீங்க. இது இல்லாத துணி" என்றார் அக்கா.

"எவ்ளோ பேரு கிழிஞ்ச முந்தானையோட வர்றாங்க, மங்கிப்போன புடவையோட வர்றாங்க. அதுக்கெல்லாம் எடுக்கல?"

அன்று பிற்பகல் அந்தக் கடையில் நடந்தது ஒரு வேட்டை. பாய் ஸ்டூலில் ஏறி ரோல்களை இழுத்து இழுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் மூடி வைத்து அளவெடுத்துப் படம் எடுத்து, ஆறாவது படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே திரையில் இருந்ததால் ஒப்பிடுவதில் குழப்பமில்லை. வெயில் நகர நகர மூடியை மறுபடி மாட்டி அளவெடுக்க வேண்டியிருந்தது.

பாய் முதலில் நிச்சயமாக இதுதான் என்று எடுத்தது பிஸ்கட் நிறம். இல்லை. அடுத்தது, சத்தியம் செய்யாத குறையாக நீட்டிய ஒரு மாந்தளிர். அதுவும் இல்லை. குருசுக்குப்பத்திலிருந்து பிளவுஸ் துணி வாங்க வந்த ஓர் அம்மா, தான் வந்த வேலையை மறந்து திரையின் முன்னால் நின்றுவிட்டார். "இதுல கொஞ்சம் செவப்பு கம்மி பாய்." "இது பழுப்பாப் போச்சு பாய்." பாயும் அவருக்குக் கட்டுப்பட்டு ஒவ்வொன்றாக இறக்கினார்.

"மச்சான்," என்றார் அக்கா திடீரென்று. "அந்தச் செங்கல் சூளை எங்க?"

பாய் ஸ்டூலில் அப்படியே நின்றார்.

செங்கல் சூளை என்பது அந்த வீட்டில் நான் பலமுறை கேட்டிருக்கிற பெயர். பல வருடம் முன்பு பாய் கொள்முதலுக்குப் போன இடத்தில் ஒரு நிறத்தில் மயங்கி, பெரிய ரோல்களாக மூன்று வாங்கி வந்தார். பவழம் என்று அவர் பெயர் வைத்தார். அக்கா செங்கல் சூளை என்று பெயர் வைத்தார். அக்கா வைத்ததுதான் நிலைத்தது. ஒரு முழம்கூட விற்கவில்லை. சண்டை எதில் ஆரம்பித்தாலும், கடைசியில் அந்தச் சூளையில்தான் வந்து நிற்கும்.

"அது எதுக்கு இப்ப?" என்றார் பாய், சந்தேகத்தோடு.

"எடுங்க சொல்றேன்."

கடைசி அலமாரியின் அடித்தட்டில், சாக்குக்குப் பின்னாலிருந்து அது வந்தது. தூசியைத் தட்டி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். எதிர்ச்சுவரில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, அதனால் பெஞ்சைக் கடையின் பக்கத்துச் சந்துக்கு நகர்த்தினோம். மூடி, வெற்றுப் படம், துணி. மடிக்கணினியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

எது தப்பு, எது துணி என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"அதேதான்!" என்று முதலில் கத்தியது குருசுக்குப்பத்து அம்மா.

பாய் துணியைத் தடவிக்கொண்டே நின்றார். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "பவழம்னு சொன்னேன். யாரு கேட்டா? நான் கொஞ்ச வருஷம் முன்னாடியே எடுத்துட்டேன், அவ்ளோதான்."

"நான் உங்களைத் திட்டாம இருந்திருந்தா இது ஞாபகத்துக்கு வந்திருக்குமா? அதைச் சொல்லுங்க" என்றார் அக்கா.

படம் போனது. வந்த பதில் வார்த்தையாக இல்லை. ஒரு கூச்சல், பின்னால் ஒரு சிரிப்பு. உன் போனில் இரவு நேரத்துக்கு மஞ்சள் வெளிச்சம் போடுகிற வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டுப் பார் என்று எழுதச் சொன்னேன். அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன் என்று பதில் வந்தது. மூன்று ரோலில் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் துணி தாராளமாக இருந்தது. அக்கா ஓரத்துக்கு மெல்லிய சரிகை வைத்துத் தைத்தார். பாய் தினமும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு காரணமும் இல்லாமல் வந்து நின்றுவிட்டுப் போனார். உறவினரின் பெட்டியில் துணி ஏறியது.

பெட்டி திறக்கிற அன்று வீடியோ அழைப்பு வந்தது. என்னையும் கீழே கூப்பிட்டார்கள். போனை மேசைமேல் பொத்தான் டப்பாவில் சாய்த்து வைத்து, நாங்கள் மூவரும் முன்னால் உட்கார்ந்தோம். அங்கே ஒரு கூடம், பிள்ளைகள், பின்னால் அக்காவின் தங்கை. மணப்பெண் கவரைப் பிரித்து முதல் துப்பட்டாவை உதறி விரித்தாள்.

எங்கள் திரையில் அது பூசணிக்காய் நிறத்தில் இருந்தது.

அக்காவின் கை என் முழங்கையை இறுக்கியது. பாய் முன்னால் குனிந்தார். மணப்பெண் தலைக்கு மேலே பார்த்தாள். கூடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இருங்க பெரியம்மா" என்றாள்.

போனை யாரோ தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்கள். படம் ஆடியது. ஒரு கதவு, ஒரு திரைச்சீலை, பிறகு வெளிச்சம். அவள் பால்கனிக்கு வந்து, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, மேகம் மூடிய பகலில் துப்பட்டாவை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தன் போனில் எங்கள் படத்தை எடுத்துத் துணியின்மேல் வைத்தாள். மறுபடி தலையைச் சாய்த்தாள்.

"அதே கலர்!" என்றாள். "பெரியம்மா, அதே கலர்! பெரியத்தா, பாத்தீங்களா?" என்று பாயையும் கேட்டாள்.

அவள் தங்கைகள் பால்கனிக்கு ஓடி வந்து ஆளுக்கொன்றாகத் தலையில் போட்டுக்கொண்டார்கள். சாம்பல் வானத்தின் கீழே வரிசையாகச் செங்கல் சூளை.

"ரோட்டுல வச்சுப் பாக்குறா பாரு!" என்றார் பாய். மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "நம்ம ரத்தம். வெளிய வச்சுப் பாக்காம ஒத்துக்கல."

"போன்ல வாங்கி, வெளிய வச்சுப் பாத்தா. ரெண்டும் நடந்துச்சு" என்றார் அக்கா. "மூட்டை கட்டவா, வேணாமா?"

"யாரு கட்டச் சொன்னா?"

இப்போது அந்த மூடி என் வசம் இல்லை. கடை வாசலில் ஆணியடித்து அக்கா மாட்டி வைத்திருக்கிறார். நான் இன்னொன்று வாங்கிக்கொண்டேன். செங்கல் சூளையில் மீதி இருந்த துணியும் மணப்பெண்ணின் தோழிகளுக்குப் போய்விட்டது. இப்போது பவழம் கேட்டு வருகிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்லும்போது பாய்க்கு அளவுகடந்த மகிழ்ச்சி.

சென்ற வெள்ளிக்கிழமை நான் படியிறங்கும்போது அக்கா துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே உங்க சட்டைக்கு நீலம் போட மாட்டேன் மச்சான். பத்திரிகைக்காரி கேமராவுக்கு ஆகலையாம்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "கேமராவுக்கு மூடி இருக்குல்ல? சட்டைக்கு ரெண்டு சொட்டு கூடவே போடு."